அறுபதுக்கு மேல் பிரிவு

போட்டிக்குப் பெயர் பதிவு செய்யும் ஜான்சி போனில் சொன்னதைப் பொன்னுரங்கத்தால் மூன்றாவது முறை கேட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

“ஆதார்ல உங்களுக்கு அம்பத்தேழு வயசுதான் சார். அறுபதுக்கு மேல பிரிவுல எப்படி சேக்கறது?”

“நெஜமா எனக்கு அறுபத்தொண்ணும்மா. பள்ளிக்கூடத்துல கொறச்சி எழுதிட்டாங்க.”

“அப்ப ஒரு ப்ரூஃப் குடுங்க. இருபதாந்தேதி வரைக்கும் டைம் இருக்கு.”

உலகத்தில் எல்லோரும் வயதைக் குறைத்துக் காட்டப் பாடுபடும்போது, கூட்டிக் காட்ட ஒருவர் அலைந்தார் என்றால் அது பொன்னுரங்கம்தான். காரணம், டிஸ்க் கோல்ஃப்.

நான்கு வருடங்களுக்கு முன் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தார். வீட்டில் பெண்கள் அவரைக் குழந்தையின் பக்கமும் விடவில்லை, அடுப்பின் பக்கமும் விடவில்லை. பக்கத்துப் பூங்காவில் போய் உட்கார்ந்தார். அங்கே சிலர் பிளாஸ்டிக் தட்டுகளை எறிந்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. தட்டு அதில் விழ வேண்டும். குறைந்த எறியில் பதினெட்டுக் கூடைகளையும் முடித்தவர் ஜெயித்தவர். அவ்வளவுதான் விளையாட்டு. பொன்னுரங்கம் கடலூர் திரும்பும்போது பெட்டியில் மூன்று தட்டுகள் இருந்தன, லோகநாயகி கேட்டிருந்த குக்கர் இல்லை.

வெல்டிங் கடையில் சைக்கிள் ரிம்மில் சங்கிலி கோத்துக் கூடை செய்தார். சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர் வேலை. ஷிப்ட் முடிந்ததும் நேரே சவுக்குத் தோப்புக்குப் போய்விடுவார். இப்போது மாநிலப் போட்டி வருகிறது. சிதம்பரத்தில் மாவட்டத் தகுதிச் சுற்று. ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று பேர் போகலாம். முதுகில் தன் பெயரும் நெஞ்சில் ‘கடலூர்’ என்றும் போட்ட பனியன் தருவார்கள். அந்தப் பனியனுக்காகத்தான் இவ்வளவு பாடும். தெருவைத் தாண்டி எதற்கும் அவர் தேர்வானதே கிடையாது. ஐம்பதுக்கு மேல் பிரிவில் எல்லாம் இளவட்டங்கள். அவர்களோடு மல்லுக்கட்ட முடியாது. அறுபதுக்கு மேல் என்றால் ஒரு கை பார்க்கலாம்.

திட்டக்குடிப் பக்கம் அவருடைய அப்பா அவரைப் பள்ளியில் சேர்த்தபோது வயது எட்டரை. தலைமையாசிரியர் யார் வந்தாலும் ஐந்து வயது, ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதுகிறவர். முதல் வகுப்பில் சேர்ந்த அன்றே பொன்னுரங்கத்தை லீடர் ஆக்கினார்கள், அவ்வளவு உயரம்.

பீரோவின் அடித்தட்டில் ஜாதக நோட்டு கிடைத்தது. கூடவே லோகநாயகியும் வந்து நின்றாள்.

“ஏங்க, என்னா தேடறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

ஒன்றுமில்லாததை அவள் வாங்கிப் படித்தாள். “குரோதி வருஷம் கார்த்திக மாசமா? எங்க அப்பாகிட்ட சர்டிபிகேட் தேதிய காட்டிதானே பொண்ணு கேட்டீங்க?”

“அது எங்கப்பா பண்ணது.”

“நாலு வயசு வித்தியாசம்னு கட்டிக் குடுத்தாரு. இப்ப பாத்தா எட்டு.” லோகநாயகி விரல்விட்டு எண்ணினாள். பொன்னுரங்கம் எதற்கும் தயாராக நின்றார். அவளுடைய கவலை வேறு. “குரோதி வருஷம் போன வருஷந்தானே வந்துட்டுப் போச்சி? அப்ப உங்களுக்கு அறுபது முடிஞ்சிப் போச்சி. அறுபதாங் கல்யாணம் பண்ணாம உட்டுட்டமே.”

“அதெல்லாம் வேணாம் லோகு.”

“வேணாம்னு சொல்ல நீங்க யாரு? உங்க ஆயுசு எனக்குத்தான் வேணும்.”

பொன்னுரங்கத்துக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

ஜாதக நோட்டைப் படம் எடுத்து ஜான்சிக்கு அனுப்பினார். “நோட்டெல்லாம் செல்லாது சார். ஏதாவது பிரிண்ட்ல இருக்கணும்” என்று பதில் வந்தது.

பிரிண்ட். பொன்னுரங்கத்துக்குப் பொறி தட்டியது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தால் அதைவிடப் பெரிய பிரிண்ட் ஏது? “சரி, பண்ணிடலாம். பத்திரிகை அடிச்சிடலாம்” என்று தானே லோகநாயகியிடம் சொன்னார். திடீரென்று வழிக்கு வந்த புருஷனை அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

பத்திரிகையில் அவருடைய வயது தங்க எழுத்தில் வந்தது. படத்தைப் பார்த்த ஜான்சி சொன்னாள்: “பத்திரிக அடிச்சா யாருக்கு வேணாலும் அறுபது ஆயிடும் சார். கோர்ட்டு அபிடவிட்டாவது கொண்டாங்க.”

மறுநாள் அபிடவிட்டுக்காக வக்கீலைப் பார்க்கக் கிளம்பியவரைத் தொழிற்சாலையில் ஹெச்.ஆர். அன்பரசு கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் அதே பத்திரிகை. பக்கத்தில் வெற்றிலை, பாக்கு, இரண்டு சாத்துக்குடி.

“அண்ணி நேத்து வீட்டுக்கே வந்து வெச்சிட்டுப் போனாங்க. பெரிய அதிகாரிய நேர்ல கூப்புடணும்னாங்க. ரொம்ப சந்தோஷம்” என்றார் அன்பரசு. முகத்தில் சந்தோஷம் இல்லை. “ஒரே ஒரு டவுட்டு. உங்களுக்கு அம்பத்தேழுதானே? அறுபத்தொண்ணுன்னா அம்பத்தெட்டுலயே ரிட்டையர் ஆயிருக்கணுமே?”

பாய்லர் பக்கத்தில் முப்பது வருடம் நின்றவருக்கு அந்த ஏ.சி. அறையில்தான் வேர்த்தது.

“அது வந்து சார், ஜாதகத்துல ஒரு தோஷம். முன்னாடியே பண்ணணும்னு ஜோசியர் சொல்லிட்டாரு.”

“பத்திரிகையில வயசு போட்டிருக்கே?”

“தோஷத்துக்குத் தெரியக் கூடாதுன்னு கூட்டிப் போட்டிருக்கோம்.”

அன்பரசு யோசித்தார். அவருடைய மாமியாரும் தோஷ விஷயங்களில் கெட்டி போலிருக்கிறது, நம்பிவிட்டார். “நல்லது. எனக்கு அம்பத்தேழுதான்னு ஒரு லெட்டர் எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. பைலுக்கு வேணும்.”

பொன்னுரங்கம் எழுதினார். நல்ல கையெழுத்து. இனி எந்தக் கோர்ட்டிலும் அறுபத்தொன்று என்று வாய் திறக்க முடியாது.

கல்யாணம் திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் நடந்தது. அன்பரசு முன்வரிசையில் உட்கார்ந்து, “தோஷம் நல்லபடியா கழிஞ்சிடுச்சி” என்று எல்லோரிடமும் சொன்னார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் முகத்தில் களை இல்லை. லோகநாயகி காதோரம் கேட்டாள்.

“என்னா, தட்டு எறியப் போகலயா?”

“அம்பதுல ஆடுனா கடைசிதான் வருவேன்.”

“வந்தா வாங்க. வீட்ல உக்காந்தா கடைசி கூட கெடைக்காது. ஞாயித்துக்கெழம நானும் வரேன், புளிசாதம் கட்டறேன்.”

சிதம்பரத்து மைதானத்தில் ஐம்பதுக்கு மேல் பிரிவில் பதினோரு பேர். பொன்னுரங்கம் கண்ணை ஓட்டினார். பயமாகத்தான் இருந்தது. விருத்தாசலம் கொளஞ்சியப்பனுக்குத் தலைமுடி காக்கைக் கருப்பு. பழனிவேல் என்பவர் இறுக்கமான டி-சர்ட். எல்லாம் பிள்ளைகள்.

முதல் கூடையிலேயே பொன்னுரங்கத்தின் தட்டு வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டது. ஐந்தாவது கூடையில் கொளஞ்சியப்பன் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்தார். ஒன்பதாவது கூடையில் பழனிவேல், கூடை எந்தப் பக்கம் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். ஐம்பது வயதுக்கே இப்படி மூச்சு வாங்குகிறதே, இந்தக் காலத்து உடம்பெல்லாம் கோழித் தீவனத்தில் வளர்ந்தது என்று பொன்னுரங்கம் இரக்கப்பட்டார். இரக்கப்பட்டதில் தைரியம் வந்தது. பத்திலிருந்து பதினாறு வரை ஒரு தட்டும் வீணாகவில்லை.

கடைசிக் கூடையில் நிலவரம் இதுதான்: மூன்றாம் இடத்துக்கு அவரும் கொளஞ்சியப்பனும் சமம். கொளஞ்சியப்பன் மூன்று எறியில் முடித்துவிட்டார். பொன்னுரங்கத்துக்கு இது இரண்டாவது எறி. கூடை முப்பதடியில், நடுவே ஒரு மரக்கிளை. விழுந்தால் பனியன்.

லோகநாயகி புளிசாதத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

தட்டு கிளைக்கு அடியில் வளைந்து போயிற்று. சங்கிலி சடசடத்தது. கூடைக்குள் விழுந்தது.

பொன்னுரங்கம் அழுதார், வெட்கமில்லாமல். கொளஞ்சியப்பன் வந்து கட்டிப்பிடித்தார். லோகநாயகி தோற்றவர், ஜெயித்தவர் எல்லோருக்கும் புளிசாதம் வைத்தாள். பனியனுக்கு அளவு கொடுக்கப் போனபோது, பொன்னுரங்கத்துக்கு மனசின் மூலையில் ஒரு சின்ன ஆதங்கம் மட்டும் மிச்சமிருந்தது.

“ஏம்மா ஜான்சி, அந்த அறுபதுக்கு மேல பிரிவுல யாரு ஜெயிச்சா?”

ஜான்சி டேப்பை அவருடைய தோளில் வைத்து அளந்துகொண்டே சொன்னாள்:

“அதுல ஆடறதுக்கு ஆளே இல்ல சார், ‘எனக்கு அறுபது தாண்டிடுச்சி, பள்ளிக்கூடத்துல கொறச்சி எழுதிட்டாங்க’ன்னு உங்க பதினோரு பேர்ல பத்து பேரு எனக்கு போன் பண்ணாங்க, பாக்கி ஒருத்தருக்குத்தான் நெஜமாவே அம்பத்தோரு வயசு, அவரு கடைசியா வந்துட்டாரு.”