துண்டுக்குள் மூன்று விரல்

பாளையம்பட்டி,
1993 ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய தனுஷ்கோடி மச்சான் சமூகத்துக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய பொன்ராஜ் கைகூப்பி எழுதிக்கொண்டது. தாங்களும் அக்காவும் தங்கள் உரக்கடையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கத் திருமேனிநாதரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உடம்பு நன்றாக இருப்பதால்தான் மனசு படுகிற பாட்டை முழுசாகப் பட முடிகிறது.

மழை இல்லை. பருத்தி வரத்து இல்லை. கடைத் தராசு காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் வருஷா வருஷம் எழுதுவதுதான். இந்த வருஷம் கூடுதலாக எழுதவேண்டியது என்னவென்றால், தாங்கள் முன்நின்று பேசி, பூ வைத்து, தை மாதத்துக்கு நாள் பார்க்கச் சொல்லியிருந்த நம் தங்கச்செல்வியின் சம்பந்தம், போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சதுரங்கப் பலகையின் மேல் செத்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையின் தகப்பனார் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியின் வத்தல் மண்டி தங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் தாங்கள் அவரைப் போய்ப் பார்க்கவேண்டும். என்ன பேசவேண்டும் என்று தெரியவேண்டுமே, அதற்காக ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். எனக்குச் சதுரங்கம் தெரியாது. ஆனால் ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தில் ஒன்றுமே காட்டாமல் ஒருத்தர் மடியில் ஒருத்தர் கைவைப்பதைக் கடை போட்ட நாள்முதல் பார்த்து வருகிறேன்.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கிறது என்று அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைச் சல்லிசாகப் பிடித்து மாவட்ட அளவில் சதுரங்கப் போட்டி வைத்தார்கள். ரேப்பிடாம். ஆளுக்கு அரைமணி நேரம். நகர்த்திவிட்டு, பக்கத்திலிருக்கும் கடிகாரத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டவேண்டும். உடனே எதிராளியின் நேரம் ஓட ஆரம்பிக்கும். அரைமணியும் தீர்ந்துபோனால் சிவப்பாக ஒரு சின்னக் கொடி விழும், ஆட்டம் போச்சு. அண்ணாச்சி இந்தக் கோப்பையை வருஷம் தவறாமல் வாங்கி மண்டியில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருப்பது தங்களுக்கே தெரியும். பிள்ளையாருக்கு இடம் குறைந்துகொண்டே வருகிறது. தங்கச்செல்வி ஜெபதுரை சாரிடம் கற்றுக்கொண்டு காலேஜ் அளவில் ஜெயித்தவள், பெரியவர்களோடு ஆடுவது இதுதான் முதல் தடவை. ரெண்டாவது ரவுண்டிலேயே தோற்று வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நம்பித்தான் அனுப்பினேன். அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது. கடைசி ரவுண்டில் ரெண்டு பேரும் ஒரே புள்ளியில் நிற்க, நடுவர் பெயரை வாசித்தார். ஒரு பக்கம் என் மகள், எதிர்ப்பக்கம் சம்பந்தி ஆகவேண்டியவர். ஜெயிக்கிறவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். பெயரைக் கேட்டதும் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜெபதுரை சார் மேல் சாய்ந்தேன். அவர் ஒல்லி, தாங்கவில்லை.

அவளைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, "எத்தா, ஜெயிக்கவும் வேண்டாம், தோக்கவும் வேண்டாம். டிரா பண்ணிரு. அவுக மரியாதையும் நிக்கும், உன் பேரும் நிக்கும்" என்றேன். "அவுக டிரா கேட்டா பாப்போம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். பூ வைத்த அன்றைக்கு நடந்தது தங்களுக்கு நினைவிருக்கும். கல்யாணத்துக்கு அப்புறமும் பிள்ளை ஆடலாமா என்று உங்கள் தங்கை மெதுவாகக் கேட்டபோது, "நம்ம வீட்டுல ஏற்கெனவே ஒரு பலகை இருக்கு, ரெண்டாவது எதுக்கு?" என்று அண்ணாச்சி சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நானும் சத்தமாகச் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குத் தாங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா மாப்பிள?" என்றீர்கள். "அவ என்ன சொல்லப்போறா" என்று நான் பாயசத்தைக் குடித்தேன்.

ஆட்டத்துக்கு வருகிறேன். ரெண்டு பேரும் ஒரே அளவு முதல் போட்டு ஆரம்பிக்கிற வியாபாரம் உலகத்திலேயே இது ஒன்றுதான். அதனாலேயே எனக்கு இதன்மேல் நம்பிக்கை இல்லை. இவள் வெள்ளை. எடுத்த எடுப்பிலேயே ஒரு சிப்பாயைக் கொண்டுபோய்ச் சும்மா கொடுத்தாள். அண்ணாச்சி சந்தோஷமாக வெட்டினார். எனக்கு உயிர் வந்தது, சரி, பிள்ளை நான் சொன்னதற்கும் மேலே போய்த் தோற்கவே பார்க்கிறது என்று. பக்கத்திலிருந்த ஜெபதுரை சார், "அது சாம்பிள் சரக்கு, வழி திறந்துவிட்டிருக்கா" என்றார். சாம்பிளென்றாலும் யாராவது காசில்லாமல் கொடுப்பார்களா என்று கேட்டேன். "நீங்க மில்லுக்குக் குடுக்கறதில்லையா?" என்றார்.

அண்ணாச்சி ஆடுவது மண்டி நடத்துவது மாதிரி. அவசரமே கிடையாது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் டப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போடுவார், தும்முவார், முகம் துடைப்பார், அப்புறந்தான் பலகையைப் பார்ப்பார். கடிகாரத்தை அடிப்பதிலும் அவருக்குக் கூச்சம். குழந்தை தலையைத் தடவுவது மாதிரி தடவுவார், அது பல தடவை அமுங்காமல் அவர் நேரமே ஓடிக்கொண்டிருக்கும். நான் எழுந்துபோய்ச் சொல்லலாம் என்று பார்த்தால் நடுவர் கையைக் காட்டி உட்காரவைத்தார். தங்கச்செல்வி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாதி ஆட்டத்தில் ஒரு யானையைக் கொடுத்து, பிஷப் என்கிற மந்திரியை வாங்கினாள். யானைக்கு மந்திரி நஷ்டம் என்று எனக்கே தெரியும். ஆனால் அந்த மந்திரி போனதும் அண்ணாச்சி ராஜாவைச் சுற்றிப் பூட்டு உடைந்த குடோன் மாதிரி ஆகிவிட்டது. இவள் ராணி ஒரு பக்கம், குதிரை ஒரு பக்கம் உள்ளே நுழைந்து நின்றன. அண்ணாச்சி முதல் தடவையாகப் பொடி போட மறந்தார்.

கடிகாரத்தில் அவருக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம். அப்போதுதான் மச்சான், நான் சாகும்வரை மறக்காத அந்தக் காரியம் நடந்தது. மண்டியில் வாழ்நாளைக் கழித்தவருடைய கை, நெருக்கடி வந்தால் எங்கே போகும்? தோளுக்குத்தான் போகும். துண்டை எடுத்தார், பலகைக்கு மேலே வலது கையை நீட்டினார், கைமேல் துண்டைப் போட்டார். சந்தையில் விலை பேசுகிற மாதிரியே. சின்ன வயசில் கடையில் உட்கார்ந்து அந்த விரல் கணக்கையெல்லாம் விளையாட்டாகப் பழகியவள் இவள். உள்ளங்கையில் தட்டினால் 'சொல்லு, எத்தனை' என்று அர்த்தம். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை. முழுக் கையையும் இறுக்கினால் சம்மதம். உருவிக்கொண்டால் இல்லை. இவளும் யோசிக்காமல் துண்டுக்குள் கையை விட்டாள். மண்டபமே எழுந்து நின்றது. நடுவர் மதுரைக்காரர், பாங்கில் வேலையாம், துண்டு வியாபாரம் கண்டறியாதவர். என்னிடம் ஓடிவந்தார்.

"என்ன சார் நடக்குது உள்ள?"

"ஒண்ணுமில்ல சார். பேசிக்கிட்டு இருக்காக."

"ஆட்டத்துல பேசவே கூடாது சார்."

"வாயைத் திறக்கலையே" என்றேன். அவர் கையிலிருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார். துண்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

அவர் புரட்டி முடிப்பதற்குள் துண்டு தோளுக்குத் திரும்பிவிட்டது. அண்ணாச்சி தன் ராஜாவை எடுத்து மெதுவாகப் பலகையில் படுக்கவைத்தார். "சரிதாம்மா" என்றார். எழுந்து செருப்பைத் தேடினார். கோப்பை கொடுக்கிறவரை இருக்கவில்லை, பந்தியில் இலை போட்டு வைத்திருந்தார்கள், அதையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் கைதட்டினது ஒரே ஒரு ஆள், மாப்பிள்ளைப் பையன் ஜெயக்குமார். அப்பா திரும்பிப் பார்த்ததும் கொசு அடித்தவன் மாதிரி உள்ளங்கையை உற்றுப் பார்த்தான். அப்புறம் அவனும் அவர் பின்னாலேயே திருச்சுழி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கை அடுப்பே பற்றவைக்கவில்லை. மாமனார் ஆகப்போகிறவர் கையை நாலு பேர் பார்க்கப் பிடித்தாளே, அதுவும் ஜெயிக்கப் பிடித்தாளே என்று ஒரே அழுகை. எனக்கு வேறு பயம். அவர் உள்ளே டிரா கேட்டு, இவள் மாட்டேன் என்று சொல்லியிருந்தால்? சம்பந்தத்தையே வைத்துப் பேரம் பேசி, இவள் கையை உருவியிருந்தால்? கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்னத்தா கேட்டாக உள்ள?"

"எத்தனைன்னு கேட்டாக."

"எத்தனைன்னா என்ன எத்தனை?"

"இன்னும் எத்தனை மூவுல செத்துப்போவேன்னுதான். நான் மூணு விரலைப் பிடிச்சேன். ராஜாவைப் படுக்க வச்சிட்டாக."

இதுதான் மச்சான் நடந்தது. வேறு ஒன்றுமே இல்லை. கடைசி அடி வரைக்கும் கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாங்கவேண்டாம் என்று பெரிய மனுஷர் ரகசியமாகக் கேட்டார், பிள்ளை உண்மையைச் சொன்னது. வேறு யாராவது என்றால் இழுத்தடித்து வேடிக்கை பார்த்திருப்பார்கள். தாங்கள் அண்ணாச்சியிடம் அழுத்திச் சொல்லவேண்டியது இந்த ஒன்றைத்தான்: என் மகளுக்குச் சூது தெரியாது. எங்கள் தொழிலில் வாயால் ஆயிரம் சொல்லலாம், துண்டுக்குள் மட்டும் பொய் கிடையாது. அதைக் காப்பாற்றின பிள்ளை. போன மாதம் மில்லிலிருந்து பருத்தி பார்க்க வந்தவரிடம், நான் வாய் திறப்பதற்குள், "அந்த மூட்டை போன வருஷத்துது சார்" என்று சொல்லி என் பிழைப்பைக் கெடுத்தவள். இப்படி ஒரு வெள்ளந்தி மருமகள் திருச்சுழித் தாலுகாவில் தேடினாலும் கிடைக்காது என்று சொல்லுங்கள்.

நேற்று வத்தல் லோடு இறக்கிவிட்டு வந்த டிரைவர் அருஞ்சுனை சொன்னது என்னைப் பாதியாக உடைத்துவிட்டது. அண்ணாச்சி மண்டியைப் பையன் கையில் விட்டுவிட்டாராம். பின்கட்டில் பலகையை விரித்து, காய்களை அன்றைக்கு நின்ற மாதிரியே நிறுத்தி, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். சாப்பாடு கொண்டுபோனால் கையைக் காட்டி அனுப்புகிறாராம். விலை கேட்டு வந்தவனிடம், "மூணு" என்றாராம். மூணு ரூபாயா, மூணு மூட்டையா என்று தெரியாமல் அவன் திரும்பிப் போய்விட்டானாம். ஒரு நல்ல மனுஷனை இப்படி ஆக்கிவிட்டோமே என்று எனக்குத் தூக்கம் இல்லை. அவர் சம்பந்தம் வேண்டாம் என்றால் நாம் வற்புறுத்த முடியாது. பூ வைத்த சேலையைத் திருப்பிக் கொடுக்கவும் உங்கள் தங்கை தயாராக மடித்து வைத்திருக்கிறாள். முறித்துக்கொள்வதென்றாலும் மரியாதையாக முறித்துக்கொள்வோம். தாங்கள் போய், பிள்ளை சத்தியத்தைத்தான் சொன்னது, அது பெரியவர் மனசை நோகடித்திருந்தால் தகப்பன் காலில் விழுகிறேன் என்கிறான் என்று சொல்லிப் பாருங்கள்.

அக்காவுக்கு என் கும்பிடு. அங்கே நல்ல மழை பெய்து, யூரியா மூட்டையெல்லாம் விற்று, தாங்கள் நோய்நொடி இல்லாமல் எங்கள் எல்லோருக்கும் மேலே நிழலாக இருக்கவேண்டும். எனக்கு இனிமேல் நல்லது நடக்குமென்று தோன்றவில்லை, தங்களுக்காவது நடக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
அ. பொன்ராஜ்.

பி.கு: உறையை ஒட்டின பிறகு பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் இத்தனை தாளும் வீண். சற்று முன்னால் ஜெபதுரை சார் கடைக்கு வந்தார், மூணு விரல் கதையைச் சொன்னேன். அன்றைய ஆட்டத்தைக் குறித்து வைத்திருந்தவர், பருத்தி அடைத்த தாட்டுச் சாக்கின் மேல் பலகையை வைத்துக் காய்களை அடுக்கினார். அடுக்கிவிட்டு, "சாவு மூணு மூவுல இல்ல. முப்பதுலயும் இல்ல. யானையை ஒரு கட்டம் ஒதுக்கி வச்சிருந்தா அவுகதான் ஜெயிச்சிருக்கணும்" என்றார். நான் தங்கச்செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "அவுககிட்ட ரெண்டு நிமிஷந்தானப்பா இருந்துச்சு" என்றாள்.

ஆகவே மச்சான், சத்தியம், வெள்ளந்தி என்று மேலே எழுதியதில் ஒரு எழுத்தையும் அண்ணாச்சியிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் மனசு உடைந்து உட்கார்ந்திருக்கவில்லை. அந்த மூணைத் தேடிக்கொண்டிருக்கிறார். இல்லை என்று அவருக்குத் தெரிவதற்குள், ஆடி கழிந்த முதல் முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை வைக்கச் சொல்லிப் பேசுங்கள். முடிந்தால் பலகையில் ஒரு காயை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. தாங்கள் அன்று கேட்கச் சொன்னதை இன்றைக்குத்தான் கேட்டேன். வாயால் கேட்க வரவில்லை. கையை நீட்டித் துண்டைப் போட்டு, இந்தக் கல்யாணத்தில் உனக்கு இஷ்டந்தானா என்றேன். துண்டுக்குள் கையை விட்டு என் முழுக் கையையும் இறுக்கிப் பிடித்தாள். முகத்தைப் பார்த்தேன், மண்டபத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. நம்பலாமா மச்சான்?