காற்புள்ளிக்கும் கையெழுத்துக் கேட்கிறவர்

உலகத்து மென்பொருள்களெல்லாம் இன்னும் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து விழாமல் நிற்பதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம், அவர் இலோயிலோ நகரத்துப் படகுத்துறைக்குப் பின்னால், பஞ்சு பிதுங்கிய ஒரு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னால் நம்புவீர்களா? அவரே பல முறை சொல்லியிருக்கிறார். நாங்களும் நம்பவில்லை.

அவருடைய இனத்துக்கு உரிமக் காவலர் என்று பெயர். நாலு பேர் சம்பளம் வாங்காமல் ஒன்றுகூடி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு மென்பொருளை எழுத ஆரம்பித்தால் போதும், மழைக்காளான் போல இவர் முளைத்துவிடுவார். மற்றவர்கள் ‘இது வேலை செய்கிறதா?’ என்று கேட்பார்கள். இவர் ‘இது யாருடையது?’ என்று கேட்பார். பிறந்தநாள் விருந்தில் பாட்டு மெஷினை முடுக்கி, மைக்கைக் கையில் கொடுத்தால், பாட்டின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பார். விசாரித்து முடிவதற்குள் பாட்டு முடிந்துவிடும். அது ஒருவகையில் நல்லதுதான். அவர் குரல் அப்படி.

எங்கள் காவலருக்கு கிரிசாந்தோ என்று பெயர். எங்களுக்கு அண்ணன் முறை, ஆகவே மானோங் கிரிசாந்தோ. பிழைப்புக்கு ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கணினிப் பிரிவு. உயிர் மட்டும் நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதும் செயலியில். எதிரே இருக்கும் குயிமாராஸ் தீவுக்கு இன்றைக்குப் படகு ஓடுமா, ஓடாதா என்று கைபேசியில் சொல்லும் செயலி அது. நேர அட்டவணை, வரைபடம், படகு கிளம்பும்போது அடிக்கும் மணி எல்லாம் மானோங்கின் கைவண்ணம். எல்லாம் உள்ளே போன பிறகு, கடைசியாக ஒரு வாசல்காப்பு நிரலையும் எழுதி வைத்தார். ‘நான் தருவது என் சொந்தம், இதை எல்லோரும் பயன்படுத்தச் சம்மதம்’ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர் எதை அனுப்பினாலும் அது திருப்பி அனுப்பிவிடும். செபுவிலிருந்து ஒரு பல் டாக்டரம்மா, பாவம், ஒரு காற்புள்ளியைத் திருத்தி அனுப்பினார். மானோங் ஒப்பந்தத்தை நீட்டினார். அதற்குப் பிறகு அந்த அம்மாளைக் காணோம். காற்புள்ளி இன்றைக்கும் தப்பான இடத்தில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்டவரிடம்தான் வந்து மாட்டினாள் ஃப்ளோராபெல். பள்ளிக்கூடத்துப் பெண், என் பக்கத்து வகுப்பு. அம்மா தீவிலிருந்து மாம்பழக் கூடைகளோடு படகேறி வந்து விற்கிறவர். காலையில் ‘ஓடும்’ என்று சொல்லும் செயலி, நடுவில் கடலோரக் காவல்படையினர் படகை நிறுத்தினாலும் சாயங்காலம் வரை ‘ஓடும்’ என்றே சாதிக்கும். அதை நம்பி வந்து அந்த அம்மாள் துறையில் மழையில் நின்றார், பழம் அழுகியது. அடுத்த வாரம் புயல் என்றார்கள். ஃப்ளோராபெல் கோளாறைத் தேடிப் பிடித்தாள். ஏழே வரியில் சரிசெய்து அனுப்பினாள்.

“திருத்தம் அருமையா இருக்கு, இந்தாய். உன்னுதுதானா?” என்றார் மானோங். சின்னப் பெண்களை இங்கே ‘இந்தாய்’ என்றுதான் கூப்பிடுவோம்.

“நான்தான் எழுதினேன், மானோங்.”

“எழுதினது நீ. சொந்தம் யாருக்கு? எங்க வச்சு எழுதின?”

“ஸ்கூல் லேப்ல.”

மானோங் கண்ணை மூடிக்கொண்டார், யாரோ தவறிப்போன மாதிரி. “அப்போ ஸ்கூலும் பங்கு கேக்குமே! பிரின்ஸிபால்கிட்ட ஒரு கடுதாசி வாங்கு. நீ சின்னப் பொண்ணு, அதனால அம்மா கையெழுத்தும் வேணும்.”

“வெறும் ஏழு வரி, மானோங்! எங்கம்மா மழையில நிக்கிறாங்க.”

“கோர்ட்டுக்குப் போனதெல்லாம் ஏழு வரியிலதான் ஆரம்பிச்சுது.”

“புயல் வந்து கதவைத் தட்டினாலும், முதல்ல நீ யாரோட காத்துன்னு கேப்பீங்க போல!”

மானோங், முறையாக அனுப்புவது எப்படி என்று காட்ட, வீறாப்பாக மடிக்கணினியைத் திறந்து, தான் எழுதிய பகுதியில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினார். வாசல்காப்பு வைத்த பிறகு அவர் அனுப்பிய முதல் திருத்தம் அது. வாசல்காப்பு நிரல் திருப்பி அனுப்பியது: ‘நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை.’

ஊரையெல்லாம் கையெழுத்துக் கேட்டவர், தான் போட மறந்திருக்கிறார்! எங்களுக்கு அன்றைக்குத் பிறந்தநாளும் கிறிஸ்துமஸும் ஒன்றாய் வந்த மாதிரி. கையெழுத்து விழா வைத்தே தீருவது என்று பாட்சோய் சூப் கடைக்கு இழுத்துக்கொண்டு போனோம். நூடுல்ஸ் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டு, மானோங் பேனாவைத் திறந்து, தான் எழுதிய ஒப்பந்தத்தைத் தானே சத்தமாக வாசித்தார். “நான் தரும் நிரலில் என் முதலாளிக்கோ வேறு எவருக்கோ உரிமை இல்லை என்று...”

பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

“என்ன மானோங், பேனா எழுதலியா?” என்றாள் ஃப்ளோராபெல். “நீங்க எங்க வச்சு எழுதினீங்க?”

“ஆபீஸ்ல. சாப்பாட்டு நேரத்துல... அவங்க லேப்டாப்ல.”

“வேலையில சேரும்போது அவங்களும் ஏதாவது எழுதி வாங்கியிருப்பாங்களே?”

“அங்க இருக்கிற வரைக்கும் எழுதறதெல்லாம் கம்பெனிக்குத்தான்னு ஒரு வரி இருந்துச்சு.”

“படிச்சும் போட்டீங்களா?”

“போட்டப்புறம் படிச்சேன். அப்புறம் மறந்துட்டேன்.”

இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு ஒருவருக்கும் வரவில்லை. சூப் ஆறிக்கொண்டிருந்தது.

இன்னொருவராக இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார். மானோங் பேனாவை மூடினார். அன்றைக்கே தான் எழுதியது அத்தனையையும் தன் கையாலேயே செயலியிலிருந்து பிடுங்கிப் போட்டார். அட்டவணை போயிற்று, வரைபடம் போயிற்று, மணியும் போயிற்று; ‘ஓடும், ஓடாது’ என்று சொல்கிற, மற்றவர்கள் எழுதிய துண்டு மட்டும் மிஞ்சியது. ஃப்ளோராபெலின் அம்மா கையெழுத்தோடு ஒரு கூடை மாம்பழமும் அனுப்பினார். பிரின்ஸிபால் ‘எங்களுக்கு ஒரு பங்கும் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தார். ஏழு வரி உள்ளே போனது. புயல் வந்த அன்று மொட்டையாக நின்ற செயலி ஒரே ஒரு வார்த்தை சொன்னது: ஓடாது. அந்த அம்மாள் வீட்டில் இருந்தார்.

மானோங் கம்பெனிக்குப் போய், தான் எழுதியதை விட்டுக்கொடுக்கும்படி கேட்டார். முதலாளி கேட்ட முதல் கேள்வி, “அப்போ இத்தனை நாளா இங்க இதைத்தான் பண்ணிட்டிருந்தியா?” என்பதுதான். வேலை இருக்குமா, போகுமா என்பது இன்னும் தெரியவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள் பார்ப்போம். கைபேசியில் ‘சம்மதம்’ என்று அழுத்தினீர்களே, எதற்குச் சம்மதம்? குழம்பை ருசி பார்க்கும் முன்பே ‘இது யார் பக்குவம்?’ என்று கேட்டது யார்? கண்ணாடியைக் கொஞ்சம் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் இதை மானோங்கிடமே கொடுத்தேன். திட்டுவார் என்று ஆசையாகக் காத்திருந்தேன். நிதானமாகப் படித்தார், இரண்டு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார்.

“நல்லா இருக்கு, தோத்தோ,” என்றார், தம்பி என்கிற மாதிரி. “ ஆனா இதுல நல்ல வரியெல்லாம் ஃப்ளோராபெல் என் மூஞ்சிக்கு நேரா சொன்னது. அவகிட்ட கேட்டியா?”

“சும்மா பேசினதுதானே, மானோங்...”

“போய்க் கேளு. அவகிட்ட பேசறதுக்கு ஒரு சாக்குக் கிடைக்காமதானே ரொம்ப நாளா என்னைப் பத்தி எழுதிட்டிருக்க?”