பக்காரிக்கு இன்னும் மூன்று வருடம்

"உவனுக்கு என்னத்துக்குப் பிள்ளை இவ்வளவு காசு? ஒரு மட்ச்சுக்கு நாலு புள்ளி எடுக்கிறவனை இன்னும் மூண்டு வருசம் வைச்சு என்ன செய்யிறது? கையைக் குடுத்து அனுப்பிவிட வேண்டியதுதானே!"

சொல்லி முடித்ததும் பொன்னம்பலத்துக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது. பேச்சில் புள்ளி இருந்தது, வருடம் இருந்தது, கடைசியில் ஒரு தீர்ப்பும் இருந்தது. கூடைப்பந்து தெரிந்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று அவருக்கு நிச்சயம்.

தொலைபேசியின் அந்தப் பக்கம், லியோன் நகரில், மகள் சாம்பவி இருந்தாள்.

"பிள்ளை? இருக்கிறியே?"

"அம்மா ஒருநாளும் இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டா," என்றாள் சாம்பவி. வைத்துவிட்டாள்.

பொன்னம்பலம் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பாரிஸ் புறநகரான சார்செல் வீட்டின் வரவேற்பறையில் அப்படியே இருந்தார். போச்சு. வாரத்தில் ஒரு தடவை, ஞாயிறு பின்னேரம் மட்டும் வருகிற அழைப்பு அது. அதையும் தன் வாயால் கெடுத்தாயிற்று.

பக்காரி யாரென்று அவருக்குச் சத்தியமாகத் தெரியாது. பாரிஸ் கிளப் ஒன்றில் விளையாடுகிறான், வயது முப்பத்து நாலு, ஒப்பந்தம் முடியப் போகிறது, இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டச் சொல்லி லட்சக் கணக்கில் கேட்கிறான். இவ்வளவும் மகள் சொல்லித் தெரிந்ததுதான். மற்றபடி பந்து கூடைக்குள் மேலிருந்து விழவேண்டுமா கீழிருந்து போகவேண்டுமா என்று கேட்டாலும் ஒரு நிமிடம் யோசிப்பார்.

கூடைப்பந்து அந்த வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் உரியது. சாம்பவி பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட அணியில் சேர்ந்தபோது தொடங்கியது. பொன்னம்பலம் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் உணவகக் குசினியில் வேலை முடித்து வந்தால் வரவேற்பறையில் ரீவிக்கு முன்னால் இரண்டு முதுகுகள் தெரியும். "போடு! போடு!" என்று மனைவி புனிதவதி கத்துவாள். "சாப்பிட என்ன இருக்கு?" என்று இவர் கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து "உஷ்!" என்பார்கள். மகள் வேலை கிடைத்து லியோனுக்குப் போன பிறகும் விடவில்லை. ஞாயிறு தோறும் தொலைபேசியில் ஒரு மணி நேரம் அதே கதைதான். தாயின் பிறந்தநாளுக்கு மகள் விளையாட்டுச் சேனலுக்குச் சந்தா கட்டினாள், கிளப்பின் நீலச் சால்வையும் வாங்கிக் கொடுத்தாள்.

போன ஆவணியில் புனிதவதி போய்விட்டாள். தகனத்துக்கு முன், மற்றவர்கள் மல்லிகைப்பூவும் ரோசாப்பூவும் வைத்தபோது, தகப்பனும் மகளுமாக அந்த நீலச் சால்வையை அவள் கழுத்தில் சுற்றி விட்டார்கள். ஐயர் ஒரு மாதிரிப் பார்த்தார். "அவவுக்கு உயிர், ஐயா," என்றார் பொன்னம்பலம்.

அதற்கடுத்த ஞாயிறு, வழக்கமான நேரத்துக்குத் தொலைபேசி அடித்தது. இவர் எடுத்தார். இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பொன்னம்பலத்துக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"மட்ச் பாத்தனியே, பிள்ளை?"

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் "ஓம்", "பாவம்", "நல்லாத்தான் விளையாடினவங்கள்" என்ற மூன்று பதில்களை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த பக்காரி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டான்.

திங்கட்கிழமை காலை, உணவகத்தின் மூலை மேசையில் ழான்-மார்க் வழக்கம்போலத் தேநீரும் விளையாட்டுப் பத்திரிகையுமாக இருந்தார். பாண்டிச்சேரிக்காரர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்துத் தெருவில் வீடு. புனிதவதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எல்லோரும் தோடம்பழம் கொண்டு வந்தார்கள். இவர் மட்டும் விளையாட்டுப் பத்திரிகை கொண்டு வந்தார். அந்த விளையாட்டு விசர் பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள் போலும் என்று பொன்னம்பலம் அப்போது நினைத்தார்.

"ஐயா, ஒரு உதவி," என்று வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "உந்தக் கூடைப்பந்தை எனக்குச் சொல்லித் தரவேணும். மகளோடை கதைக்கிறதுக்கு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

ழான்-மார்க் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சொல்ல மாட்டேன். ரகசியம் வச்சுக்கறது எனக்குப் பழக்கம்தான்," என்றார். "சொல்லுங்க, பக்காரிதானே பிரச்சினை?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பாரீஸ் முழுக்க அதுதானே பேச்சு! இதைக் கேளுங்க. அவன் புள்ளி எடுக்கறவன் இல்ல. எடுக்கறவனுக்கு வழி விட்டுக் குடுக்கறவன். எதிராளிக்குக் குறுக்க நின்னு, இடி வாங்கி, கீழ விழுந்து எந்திரிக்கறவன். கல்யாண வீடியோல யார் வர்றாங்க? பொண்ணு, மாப்பிள்ளை. பந்தியில சாம்பார் வாளி தூக்கினவன் வர்றானா? அவன் ஒருநாள் லீவு போட்டாத் தெரியும், கல்யாணம் என்ன ஆகும்னு."

இருபத்திரண்டு வருடமாக வெங்காயம் வெட்டியும், சமையற்காரனின் கொத்து ரொட்டிக்கு மட்டுமே புகழ் கேட்டும் வந்த பொன்னம்பலத்துக்கு இந்த இடம் சட்டென்று விளங்கியது.

"அப்ப அவனுக்குக் காசு குடுக்கத்தான் வேணும்!" என்று மேசையில் தட்டினார். குசினியிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை. வழக்கமான நேரம் கடந்து கால் மணி, அரை மணி ஆயிற்று. பொன்னம்பலம் கடைசியில் தானே மகளுக்கு எடுத்தார்.

"பிள்ளை, நான் போன கிழமை சொன்னது பிழை. யோசிச்சுப் பாத்தனான். கலியாண வீடியோவிலை ஆர் வருகினம்? பொம்பிளையும் மாப்பிளையும். பந்தியிலை சாம்பார் வாளி தூக்கினவன் வாறானோ? அவன் ஒருநாள் லீவு போட்டாத் தெரியும் சங்கதி!"

மறுபக்கம் விம்மல் கேட்டது.

"அப்பா... அம்மா ஆஸ்பத்திரியிலை இதையேதான் சொன்னவ. அதே கலியாண வீடியோ. அதே வாளி," என்றாள் சாம்பவி. "நீங்கள் கதவுக்கு வெளியிலை நிண்டுகொண்டு நாங்கள் கதைக்கிறதை எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறியள், என்ன?"

அங்கே நிறுத்தியிருந்தால் மனிதர் தப்பியிருப்பார். ஆனால் மகள் அழுவதைக் கேட்டதும் அவருக்கு உள்ளம் உருகி, வாய் தன்பாட்டில் ஓடத் தொடங்கிவிட்டது.

"மூண்டு வருசம் காணாது பிள்ளை! பத்து வருசம் குடுக்கவேணும்!"

"அப்பா, அவனுக்கு முப்பத்து நாலு வயசு."

"அனுபவம் இருக்குத்தானே? நேற்றுக்கூட என்ன மாதிரி நிண்டு இடி வாங்கினவன்!"

"நேற்று மட்ச் இல்லை."

"அது... பழைய மட்ச்சைத் திருப்பிப் போட்டவங்கள்."

"எந்தச் சேனலிலை?"

"சேனல் வடிவாத் தெரியேல்லை பிள்ளை. ரீவி பழுது."

"ரீவி பழுதெண்டா மட்ச்சை எப்பிடிப் பாத்தனீங்கள்?"

பொன்னம்பலத்துக்கு இந்தக் குழியிலிருந்து ஏறுவதற்கு ஒரே வழிதான் தெரிந்தது.

"ரீவியிலை பாத்து என்னத்துக்கு? உன்னை நேரை கூட்டிக்கொண்டு போகத்தான் யோசிச்சனான். வாற சனி வா. ரெண்டு பேரும் போவம்."

"மெய்யாவோ, அப்பா?" அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டபோதுதான் தான் எவ்வளவு ஆழமாகத் தோண்டியிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

ழான்-மார்க் இரண்டு ரிக்கற் எடுத்துக் கொடுத்தார். கூடவே கடைசிப் பாடமும் நடத்தினார். "பதறாதீங்க. பக்காரியை மட்டும் பாருங்க. தாடி, நெத்தியில பட்டி, நல்ல உயரம். அவன் குறுக்க நின்னா கை தட்டுங்க. விழுந்தா இன்னும் பலமா தட்டுங்க."

சனிக்கிழமை போர்ட் து லா ஷப்பல் பக்கத்து மண்டபத்தில் விளையாட்டுத் தொடங்கியதும் பொன்னம்பலம் தாடியைத் தேடினார். ஏழு தாடி இருந்தது. அதில் மூன்றுக்கு நெற்றிப் பட்டி. உயரத்தைப் பார்த்தால் ஒருவன்கூடக் குட்டையாக இல்லை. அதில் நன்றாக இடி வாங்குகிற ஒருவனைத் தேர்ந்து வைத்துக்கொண்டார்.

அவன் குறுக்கே நின்றான். இவர் தட்டினார். அவன் விழுந்தான். இவர் எழும்பி நின்று தட்டினார். சுற்றியிருந்தவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவன் பந்தைப் பறித்து ஓடியபோது "போடு! போடு!" என்று புனிதவதி கத்துவதைப் போலவே கத்தினார். முன் வரிசையில் மேளத்தோடு இருந்த ஒருவன் திரும்பி பிரெஞ்சில் நல்ல வார்த்தை இரண்டு சொன்னான்.

"அப்பா," என்றாள் சாம்பவி மெதுவாக. "அது மற்ற ரீம்."

"எது?"

"நீங்கள் இவ்வளவு நேரமும் கை தட்டினது. பக்காரி அங்கை, வாங்கிலை இருக்கிறான்."

பொன்னம்பலம் உட்கார்ந்தார். மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில் ஒருவன் முழங்காலில் ஐஸ் பை கட்டிக்கொண்டு, மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பார்த்ததும் இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை," என்றார். "ஒரு இழவும் தெரியாது. ரீவியும் பழுதில்லை, மட்ச்சும் பாக்கிறேல்லை. எல்லாம் ழான்-மார்க் ஐயா சொல்லித் தந்தது. இதை விட்டா உன்னோடை கதைக்க என்னட்டை வேறை என்ன இருக்கு? நீ போன் எடுக்கிறதை நிப்பாட்டிப் போடுவாய் எண்டு பயந்து போனன்."

சாம்பவி அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"எனக்கும் இது பிடிக்காது, அப்பா."

"என்ன?"

"பதினைஞ்சு வயசிலையே வெறுத்துப் போச்சு. அம்மாக்குத்தான் உயிர். நான் விட்டா அவ தனிய இருந்து பாப்பா எண்டு பாவமாக் கிடந்தது. லியோனுக்குப் போன பிறகு, ஞாயிறு விடிய எழும்பிப் பேப்பர் படிச்சுப் போட்டுத்தான் அவவுக்கு எடுக்கிறனான். அவ செத்த பிறகும் நீங்கள் மட்ச் பாத்தனியோ எண்டு கேட்டியள். சரி, அப்பாவுக்கும் இது வேணும்போலை எண்டு..."

பொன்னம்பலம் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் சாய்ந்தது இதுதான் முதல் தடவை.

கடைசி நிமிடங்களில் பக்காரியை இறக்கினார்கள். நொண்டி நொண்டி வந்தான். குறுக்கே நின்றான், இடி வாங்கினான், விழுந்தான். அந்த இடைவெளியில் ஓடிய ஒரு பொடியன் பந்தைக் கூடைக்குள் போட, மண்டபம் முழுக்க அந்தப் பொடியனின் பெயரைக் கத்தியது. தரையில் கிடந்தவனுக்காக எழும்பி நின்று கை தட்டியது இரண்டே இரண்டு பேர்தான்.

"குடுக்கலாம் பிள்ளை," என்றார் பொன்னம்பலம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூண்டு வருசம் தாராளமாக் குடுக்கலாம்."

"அம்மா இருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பா," என்றாள் சாம்பவி. "இனி வாற மட்ச் எல்லாம் பாப்பம் அப்பா. எங்களுக்குப் பிடிக்காட்டிலும் பரவாயில்லை. அம்மாக்குப் பிடிச்சதுதானே?"

"ஓம் பிள்ளை. அவவுக்காகப் பாப்பம். அந்தச் சேனல் காசையும் நிப்பாட்டிப் போடாதை."

ஞாயிறு காலை, நன்றி சொல்லவென்று இருவரும் ஒரு பெட்டி வடையோடு ழான்-மார்க் வீட்டுக்குப் போனார்கள். லாச்சப்பலில் இத்தனை வருடம் வேலை செய்தும் பொன்னம்பலம் அந்தப் படி ஏறியதில்லை. புனிதவதிதான் சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்க இந்தப் பக்கம் வருவாள். நாலு முருங்கைக்காய்க்கு மூன்று மணி நேரம் எடுப்பாள். அதற்காக எத்தனை தரம் அவளோடு சண்டை பிடித்திருக்கிறோம் என்பது ஏனோ அவருக்குப் படியேறும்போது ஞாபகம் வந்தது.

ழான்-மார்க் கதவைத் திறந்தார். மகளையும் சேர்த்துக் கண்டதும் கொஞ்சம் தடுமாறியவர்போல் இருந்தார். யன்னலோரம் இருந்த நாற்காலியில் பொன்னம்பலம் உட்கார்ந்தார். சாம்பவி பக்கத்தில் நின்று, அம்மாவுக்கு இந்த விளையாட்டில் எவ்வளவு பைத்தியம் என்று சொல்லத் தொடங்கினாள். ழான்-மார்க் பத்திரிகையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

அவருடைய மனைவி மரி-லூயிஸ் காப்பித் தட்டோடு வந்தார். செத்த வீட்டின்போது அவர் பாண்டிச்சேரியில் இருந்ததால் இவர்களைக் கண்டதில்லை.

"இவங்க புனிதவதி வீட்டுக்காரர், அது பொண்ணு," என்ற ழான்-மார்க், "மரி-லூயிஸ், நீ போய்ச் சர்க்கரை எடுத்துட்டு வா, சீக்கிரம்," என்று அவசரப்படுத்தினார்.

மரி-லூயிஸ் போகவில்லை. தட்டை வைத்துவிட்டு சாம்பவியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீதானா அந்தப் பொண்ணு! எத்தனை வருஷம், சனிக்கிழமை தவறாம முருங்கைக்காய்ப் பையோட இதே நாற்காலியில வந்து உக்காந்து, 'எனக்கு இந்தப் பந்து விளையாட்டைக் கண்டாலே தலைவலி அண்ணா, ஆனா நாளைக்குப் பிள்ளை போன் எடுப்பா, என்ன பேசறதுன்னு சொல்லிக் குடுங்க'ன்னு இவர்கிட்டப் பாடம் படிச்சிட்டுப் போவாங்களே உங்கம்மா, பாவம்!"