அனுபவமுள்ள ஒருவர்

"ஆளு உயிரோடதானே இருக்காரு?"

"இருக்காரே!" என்றான் மருமகன், தேவைக்கு மேலான உற்சாகத்தோடு.

நான்கு மணிக்கு அவனுக்கு ஓட்டுநர் தேர்வு. காருக்கு இன்ஷூரன்ஸ் தாள் இல்லாமல் தேர்வு இல்லை. லைசென்ஸ் இல்லாமல், திங்கட்கிழமை முதல் மருந்து வண்டி ஓட்டும் வேலையும் இல்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்த பெண்ணோ, புதிதாக ஓட்டுகிறவனுக்குத் தனியாகப் பாலிசி கிடையாது, அனுபவமுள்ள ஒருவர் பெயரும் வேண்டும் என்றாள். சட்டென்று வாயில் வந்தது மாமனாரின் பெயர்.

மாமனார் போய்ச் சேர்ந்து ஏழு மாதம். இருந்தவரை, தன்னுடைய அந்தக் காரின் கதவைச் சாத்தக்கூட அவனை நம்பாதவர்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை போன்ல பேசிடறேன்."

"அவருக்குக் காது கேக்காது மேடம்."

"காது கேக்காதவரா வண்டி ஓட்டறாரு?"

"இல்ல, போன்ல மட்டும் கேக்காது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வராந்தாவுக்கு ஓடி மச்சினனை அழைத்தான்.

"உங்கப்பா குரல்ல பேசணும்டா. 'ஆமா'ன்னு சொன்னா போதும்."

"அப்பா எதுக்குமே ஆமான்னு சொன்னதில்லையே அத்தான்!"

மச்சினன் எண்ணை எழுதிக்கொண்டு திரும்பியபோது, அவள் சிரித்தபடி ரிசீவரை வைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கமான மனுஷர். பின்னாடிதான் ஒரே காத்துச் சத்தம். நேர்லயே வர்றேன்னுட்டாரு."

"எந்த நம்பர்ல பேசினீங்க?"

"எங்க பதிவுல இருக்கறதுலதான். நீங்க எழுதித் தர்றதுக்கெல்லாம் கூப்பிட மாட்டோம் சார்."

பதிவில் இருந்தது மாமனாரின் பழைய எண்; அவர் போனதும் அந்த இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதே அவன்தான். கையிலிருந்த போன் அதிர்ந்தது.

"அத்தான், இன்னும் யாருமே கூப்பிடலையே?"

அவன் போனை அணைத்தான். "அவரால வர முடியாது மேடம். மூட்டு வலி."

"நானும் கேட்டேனே. இப்பல்லாம் வலியே இல்லையாம்."

"அவர் பேரை எடுத்துடுங்க."

"எடுத்தா உங்களுக்குப் பாலிசி இல்ல."

அவள் முத்திரை குத்தித் தாளைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். மணி மூன்றரை. பயந்துகொண்டே அவன் கை நீட்டினான்.

அப்போது, கீழே காருக்குக் காவலாக நின்றிருந்த டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் படியேறி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவனைப் பார்க்காமல் நேரே கவுன்ட்டருக்குப் போனார்.

"மேடம், பூட்டின வண்டிக்குள்ள ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்காரு. அவர் பேரு இருக்கட்டுமாம், மருமகன் பேரை மட்டும் அடிச்சிடணுமாம். கொஞ்சம் அடிச்சுக் குடுத்துடறீங்களா?"