தொடை இடுக்குக் கட்டியும் சம்பந்தி வீட்டுக் கறியும்

எனக்கு எழுபத்தொரு வயசு நடக்கிறது. பெற்றது ஏழு, வளர்த்தது எட்டு. (எட்டாவது, என் தங்கச்சி மகன். அவள் போன பிறகு அவனும் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, எங்கள் வீட்டிலேயே சண்டை போட்டு வளர்ந்தான்.) எட்டுப் பேருக்கும் வந்த காய்ச்சல், பேதி, அம்மை, மாந்தம் எல்லாவற்றையும் இந்தக் கை பார்த்திருக்கிறது. அதனால் உடம்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தேன். அந்த வாய்க்கொழுப்பால்தான் சாகக் கிடந்தேன்.

சாமை அறுப்பு முடிந்த சமயம். மூட்டையைத் தூக்கித் தலையில் ஏற்றும்போது வலது தொடை இடுக்கில் என்னவோ உருண்டது. கை வைத்துப் பார்த்தால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை.

எங்கள் மலையில் இதற்குச் சின்னப் பிள்ளைகூட பதில் சொல்லும். காலில் முள் ஏறினாலோ புண் வந்தாலோ தொடை இடுக்கில் வீங்கும். நெறி கட்டுவது என்போம். நெறி கட்டினால் நாங்கள் நெறியைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்போம். முள்ளை எடுத்துவிட்டால் நெறி தானாக அடங்கிவிடும். நல்ல வைத்தியம். இன்றைக்கும் இதில் நான் பின்வாங்க மாட்டேன். எனக்கு இருந்த ஒரே சங்கடம், என் காலில் முள் இல்லை.

இல்லை என்று நான் ஒத்துக்கொண்டால்தானே. முள் மேலே வரட்டும் என்று உள்ளங்காலில் எருக்கம்பால் வைத்தேன். மருமகள் சுமதியைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். அவள் ஒன்றும் தெரியவில்லை என்றதும் கோயிந்தனை வரச்சொன்னேன். எங்கள் ஊரில் முள் எடுப்பதில் அவன்தான் பெரிய கை. ஊக்கு ஒன்று எப்போதும் அவன் அரைஞாணில் தொங்கும். அவன் என் உள்ளங்காலை அரை மணி நேரம் துருவிப் பார்த்துவிட்டு, முள் இல்லை, வெடிப்புதான் இருக்கிறது என்றான். உனக்குக் கண் போய்விட்டது என்று அனுப்பிவிட்டேன். மறுவாரம் திரும்பக் கூப்பிட்டேன். மூன்றாம் முறை அவன் ஊக்கு நுனியில் கறுப்பாக ஏதோ எடுத்துக் காட்டி, "இதாங்க முள்ளு" என்றான். (அது அழுக்கு என்றும், என்னிடமிருந்து தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்றும் பிறகு ஒத்துக்கொண்டான்.) நான் அதைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

கட்டி மட்டும் போகவில்லை. அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. படுத்தால் இருக்கும் இடம் தெரியாது. எழுந்து நடந்தால் வரும். இருமினால், குடம் தூக்கினால், வெளிக்கு உட்கார்ந்து முக்கினால் துருத்திக்கொண்டு வரும். இதற்கு நானே காரணம் கண்டுபிடித்தேன். முள்ளின் பாதி உள்ளே நின்றுவிட்டது. நான் படுத்தால் அதுவும் படுக்கிறது, நான் எழுந்தால் அதுவும் எழுகிறது.

சுமதி ஒருநாள் கேட்டாள். "அத்தை, நெறின்னா படுத்தாலும் அங்கயேதான இருக்கும், தொட்டா வலிக்குமே. இது இன்னா வர்றதும் போறதுமா இருக்குது? ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரலாமா?"

அவள் பத்தாவது வரை படித்தவள். நான் இரண்டாவதோடு நின்றவள். மருமகளிடம் தோற்பதா? உன் காலில் ஒரு முள் ஏறட்டும், அப்புறம் வந்து பேசு என்று வாயை அடைத்தேன். அன்றைக்கே போயிருந்தால், நல்ல நாளாகப் பார்த்து, நிதானமாகத் தைத்து அனுப்பியிருப்பார்கள். அதற்கு அப்புறமும் மாசக்கணக்கில் அந்தக் கட்டியோடு மூட்டை தூக்கினேன், புளி உலுக்கப் போனேன், விறகு கொண்டுவந்தேன்.

இப்போது சம்பந்தியம்மாவைச் சொல்ல வேண்டும். சுமதியின் அம்மா பொன்னம்மா. ஊர் அமிர்திப் பக்கம், மலை இறங்குகிற இடம். எனக்கும் அவருக்கும் பதினான்கு வருஷமாக மரியாதையான பகை. வாங்க போங்க என்றுதான் பேசிக்கொள்வோம். ஆனால் நான் கொடுத்தனுப்பிய தேனை அவர் தண்ணீரில் விட்டுச் சோதித்துப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். அவர் குழம்பில் உப்பு அதிகம் என்று நான் சொன்னதும் அவருக்குத் தெரியும்.

சுமதியின் சின்ன மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் வீட்டிலேயே, அதாவது சம்பந்தியம்மா வீட்டிலேயே, வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் மலை இறங்கினோம். அந்த வளைவுகளில் எனக்கு ஒரு இருமல் பிடித்தது, விடவே இல்லை. கட்டி வெளியே வந்தது. இறங்கிப் பந்தலுக்குப் போய்ப் பாயில் கொஞ்சம் சாய்ந்தேன். கட்டி உள்ளே போகவில்லை. முதல் தடவையாக வலித்தது. வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வந்து வந்து போனது. பந்தியில் உட்கார்ந்து, சம்பந்தியம்மா பார்க்கிறாரே என்று நாலு வாய் கறிச்சோறும் தின்றேன்.

முதல் வாந்தி பந்தலுக்குப் பின்னால். அது யாருக்கும் தெரியாது. இரண்டாவது, பந்தி நடக்கும்போது, எல்லார் கண் முன்னாலும்.

அப்போது நான் சொன்னது: "கறி கெட்டுப்போச்சி."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் எட்டுப் பிள்ளைகளைக் காட்டிலிருந்து சோற்றுக்குக் கூப்பிட்ட தொண்டை இது. மெதுவாக என்பது அதற்குத் தெரியாது. ஒரு வரிசை அப்படியே இலையை மடித்து எழுந்தது. மூன்று தரம் கறி வாங்கித் தின்ற ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கறி ஆக்கியது சம்பந்தியம்மாவின் தம்பி. அவர் ஒரு குண்டான் நிறையக் கறியை எடுத்துவந்து, பந்தலுக்கு நடுவில் நின்று, பாருங்க, நல்லா பாருங்க என்று சொல்லிக்கொண்டே தின்ன ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. காரம் என்றார்கள்.

நான் அதோடு விடவில்லை. சுமதியின் புருஷன், என் மகன் முருகேசனைக் கூப்பிட்டு, தொக்கம் எடுக்கிற இடத்துக்கு என்னைக் கொண்டுபோ என்றேன். தின்றது வயிற்றில் சிக்கிக்கொண்டால் தொக்கம் என்பார்கள். அதை வயிற்றைத் தடவி உருவி எடுப்பதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். விருந்து வீட்டில் உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சொல்வது, சமைத்தவர் முகத்தில் எச்சில் இலையை வீசுகிற மாதிரி.

சம்பந்தியம்மா வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து, அந்த வலியிலும் இரண்டு பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். ஒரு காலை மடக்கி, தொடை இடுக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என்னை அரிசி மூட்டை போட்டிருந்த அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அங்க இன்னா சம்பந்தி?"

"நெறி."

"எத்தினி நாளா?"

"ஆறு மாசமா."

"ஆறு மாசம் எந்த ஊர்ல நெறி கட்டும்? படுத்தா உள்ள போவுமா?"

"போவும். இன்னிக்குப் போவல."

அவர் முகம் மாறியது. "பொடவைய ஒதுக்குங்க. நான் பாக்கணும்."

"கறி கெட்டுப்போச்சின்னா கறியப் பாருங்க. என்னை ஏன் பாக்கறீங்க?"

கேட்கிற ஆள் இல்லை அவர். கட்டி கல்லு மாதிரி இருந்தது, தோல் சிவந்திருந்தது. விரல் பட்டதும் எனக்கு உயிர் போய் வந்தது. இது குடல் இறக்கம் என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. குடல் இறக்கம் ஆம்பளைக்கு வருகிற சீக்கு. என் வீட்டுக்காரருக்கே வராதது எனக்கு எப்படி வரும் என்று கேட்டேன்.

"ஆம்பளைக்கு வந்தா பெருசா தொங்கும், ஊரே பாக்கும். நமக்கு வந்தா நெல்லிக்கா மாதிரி ஓரமா இருக்கும், நமக்கே தெரியாது. எங்க அக்காவும் கறி சேரலன்னுதான் சொன்னா. நாங்களும் தொக்கம் எடுக்கத்தான் கூட்டினு போனோம். வயித்த அந்த உருவு உருவுனாங்க. மறுநா பொழுது சாயறதுக்குள்ள போய்ட்டா. குளிப்பாட்டும்போதுதான் இந்தக் கட்டியப் பாத்தேன்."

வண்டி எங்கே என்று நானே கேட்டேன்.

வண்டி என்று அங்கே உடனே கிடைத்தது பாத்திரம் ஏற்றி வந்த வண்டிதான். பின்னால் குண்டான்களுக்கும் கரண்டிகளுக்கும் நடுவில் ஒரு பாய் போட்டு என்னைக் கிடத்தினார்கள். அதே கறி வாசனையோடு வேலூர் போய்ச் சேர்ந்தேன். வழியில் முருகேசன் பாசத்தில் சோடா வாங்கி வந்தான். ஒரு சொட்டு வாயில் ஊற்றக்கூடாது என்று சம்பந்தியம்மா பிடுங்கி வைத்தார். கட்டியைக் கொஞ்சம் அமுக்கிப் பார்க்கலாமா என்று அவன் கேட்டதற்கு, கையில் ஒரு அடி.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒல்லியாக ஒரு பெண். கட்டியைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார். எத்தனை வாந்தி என்றார், சொன்னேன். அப்புறம், மகன், மருமகள், சம்பந்தி, கறி ஆக்கின தம்பி (குண்டானை விட்டுப் பிரியாமல் அவரும் வந்திருந்தார்) எல்லாரும் சுற்றி நிற்கும்போது கேட்டார்.

"காத்து பிரிஞ்சிதாம்மா?"

எழுபது வருஷம் தலை நிமிர்ந்து நடந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்றேன். குடல் அடைத்திருந்தால் காற்றுப் பிரியாது, அதுதாம்மா முக்கியம் என்றார். நான் சுவரைப் பார்த்தேன். சம்பந்தியம்மா எனக்காகப் பதில் சொன்னார்: "வண்டியில பக்கத்துலயேதான் வந்தேன். இல்லீங்க."

டாக்டர் சொன்னதை நான் என் பாஷையில் சொல்கிறேன். வயிற்றுச் சுவர் ஒரு சாக்கு. பிள்ளை பெற்று, மூட்டை தூக்கி, இருமி, அது எங்கேயோ நைந்துவிடுகிறது. அந்த ஓட்டை வழியாகக் குடல் எட்டிப் பார்க்கும், திரும்பிப் போகும். ஓட்டை சின்னதாக இருந்தால்தான் ஆபத்து. ஒருநாள் வெளியே வந்த குடலை அது சுருக்குப் போட்டமாதிரி பிடித்துக்கொள்ளும். ரத்தம் ஓடாது. அங்கேயே கறுத்து அழுகும். அப்புறம் வயிறு முழுக்க விஷம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் குடலை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், அதற்கும் மேலே போனால் வெட்டியும் பிரயோசனம் இல்லை என்றார்.

உடனே ஆபரேஷன். கையெழுத்துக்குக் காகிதத்தை முருகேசனிடம் நீட்டினார்கள். என் வயிற்றுக்கு அவன் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்? நான் வாங்கிக்கொண்டேன். என் பெயர் எனக்கு எழுத வரும். நேரம் ஆகும், அவ்வளவுதான். மூன்றாவது எழுத்துக்குச் சுழி போட்டுக்கொண்டிருக்கும்போது சம்பந்தியம்மா சொன்னார்: "சீக்கிரம் எழுதுங்க சம்பந்தி, குடலு காத்துனு இருக்குது."

குடல் பிழைத்தது, வெட்டவில்லை. டாக்டர் வெளியே வந்து அதைச் சொன்னதும் சம்பந்தியம்மா முதலில் கேட்டது என்ன என்று சுமதி எனக்குச் சொன்னாள். கறி மேல் தப்பு இல்லை என்று பந்தலுக்கு ஒரு வார்த்தை போனில் சொல்ல முடியுமா என்று கேட்டாராம். டாக்டரும் சிரிக்காமல் சொன்னாராம். அதற்குள் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். ஆனாலும் பந்தியிலிருந்து எழுந்துபோன ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தச் சேதி போனில் போயிருக்கிறது.

அதோடு என் மானம் தப்பியதா? இல்லை. காற்றுப் பிரிகிற வரைக்கும் கஞ்சி கிடையாது என்றார்கள். காலையில் ஒரு நர்ஸ், மத்தியானம் ஒரு நர்ஸ், "பிரிஞ்சிதா ஆயா?" எதிர்க் கட்டில்காரி முதற்கொண்டு வார்டே எனக்காகக் காத்திருந்தது. மூன்றாம் நாள் காலை நடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சம்பந்தியம்மா எழுந்து நின்று போன் போட்டார்.

"சுமதி, பிரிஞ்சிடுச்சிடீ."

அந்தப் பக்கம், ஊருக்குத் திரும்பியிருந்த சுமதி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். என்னை விசாரிக்க வந்த பாதி ஊர் எங்கள் வாசலில் நின்றிருந்தது. கைதட்டினார்களாம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் யாருக்குப் போன் போட்டாலும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "காத்து பிரிஞ்சிதா?" பெங்களூரில் இருக்கிற மூத்த மகன் கேட்கிறான். போன மாசம் ஒரு பேத்தியைக் கட்டிய புது மாப்பிள்ளைகூட கேட்டுவிட்டான். முதலில் எனக்குச் சுருக்கென்றது. இப்போது நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன், பிரிஞ்சிடுச்சி, நீ வேலையைப் பார். அந்தக் காற்று பிரியாமல் இருந்திருந்தால் இவர்கள் கேலி செய்ய ஆள் ஏது?

நூறுநாள் வேலையில் பொம்பளைகளிடம் சத்தமாகவே சொல்கிறேன். தொடை இடுக்கிலோ தொப்புளிலோ கட்டி வந்து வந்து போனால் டாக்டரிடம் காட்டுங்கள். வந்தது உள்ளே போகாமல் கல்லாகி, வலித்து, வாந்தி வந்தால் அமுக்காதே, உருவாதே, தின்னாதே, அந்த நிமிஷமே ஓடு. ஆம்பளைகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். திரும்பட்டும்.

சம்பந்தியம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கறி கெடவில்லை என்று பத்துப் பேர் எதிரில் சொல்லிவிட்டேன், போதும். உப்பு தூக்கல்தான். உயிரைக் காப்பாற்றியதற்காக நாக்கு பொய் சொல்லாது. அவரிடமே அப்படித்தான் சொன்னேன். நாக்கை அன்றைக்கே ஆபரேஷன் பண்ணியிருக்கணும் என்றார். நேற்றுதான் வந்திருக்கிறார், உள்ளே புளி கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

தேன்மொழி, இங்க வா கண்ணு. இந்த நோட்டைப் புடி. ஆயா இத்தினி நாளா எழுத்துக் கூட்டி எழுதுனத மொதல்லேர்ந்து படி, நான் கேக்கறேன். எழுத்து தப்பா இருந்தா நீ சரியா படிச்சிக்கோ. அந்தக் காத்து எடம் வந்தா வாய மூடினு சிரிக்காத. நல்லா ஒடச்சி, சத்தமா படி. உள்ள இருக்கற உங்கம்மாவப் பெத்த கீழூர் ஆயாவுக்கும் கேக்கணும், எதிர் வூட்டுக்கும் கேக்கணும்.