டைம்கீப்பரின் சடை ஸ்வெட்டர்

காரைக்காலில் மார்கழி மாதத்திலேயே ஃபேன் போட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்த மனிதர் உலகத்திலேயே எங்கள் டைம்கீப்பர் ஒருவர்தான். பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு நேரம் குறிப்பது அவர் உத்தியோகம். பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, இத்தனைக்கும் எழுபதுகளில் அம்பகரத்தூரிலிருந்து தினமும் ஆபீசுக்கு வந்துபோன ஏழு வருஷமும் அவரிடம் பேசாத நாள் கிடையாது.

வாலிபத்தில் குன்னூர்ப் பக்கம் பஸ் கம்பெனியில் வேலை பார்த்தாராம். அங்கே ஸ்வெட்டர் விற்கும் பெண்களிடம் கற்றுக்கொண்ட வித்தை. மலையை விட்டு இறங்கியவர் குளிரை விட்டுவிட்டார், ஊசியை மட்டும் விடவில்லை. கிழிந்த குடையிலிருந்து கழற்றிய இரண்டு கம்பிகள்தான் ஊசி.

சாதாரணப் பின்னல் என்றால் பஸ்ஸுக்கு ஆபத்தில்லை. அவருக்குப் பிடித்தது சடை. ஸ்வெட்டரின் மார்பில் பெண்பிள்ளைகளின் தலைப்பின்னல்போல் முறுக்கிக்கொண்டு இறங்குமே, அது. அதைப் போட, ஊசியிலிருக்கும் நூல் வளையங்களில் நாலு கண்ணியை மூன்றாவது ஊசியில் ஒதுக்கி வைக்க வேண்டுமாம். மூன்றாவது ஊசிக்கு எங்கே போவது? காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துக் கோத்துவிடுவார். கண்டக்டர் டிரிப் ஷீட்டை நீட்டிக்கொண்டு நிற்பான்.

“அண்ணே, கையெழுத்து போடுங்கண்ணே. பாசஞ்சர் எல்லாம் கத்துறாங்க.”

“பென்சில் வேலையா இருக்குடா. இந்தச் சடை திரும்பட்டும்.”

“வண்டி லேட்டுண்ணே!”

“லேட்டுன்னு யாரு எழுதணும்? நான்தானே? எழுதப் பென்சில் எங்க இருக்கு?”

கண்டக்டர் போய் டீ குடிப்பான். அவன் திரும்பி வரும்போது இவர் எண்ணிக்கையைத் தவறவிட்டு, முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பார்.

பிரான்சிலிருந்து லீவில் வந்த ஒரு குடும்பம் அவருக்குப் பின்னல் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிற்று. பிடித்தது சனி. பிரெஞ்சு படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தே புதுப் புது வேலைப்பாடெல்லாம் செய்தார். ஒரு படத்தில் வெள்ளைக்காரன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்தான். டிரைவர் ஒருவருக்குத் தீபாவளிப் பரிசாக வந்த ஸ்வெட்டரில் இடது கை முழங்கையோடு நின்றுவிட்டது.

“அங்கல்லாம் இதான் பேஷன்” என்றார். அந்த டிரைவரும் நம்பி ஒரு வாரம் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

துபாய்க்குக் கிளம்பிய மரைக்காயர் வீட்டுப் பையன் ஒருவன் சடை போட்ட மப்ளரோடு பஸ் ஏறினான். “பாலைவனத்துல ராத்திரி குளிருமாம், கழட்டிடாதீங்க தம்பி” என்று ஜன்னல் வழியாக இவரே சுற்றிவிட்டார். சித்திரை மாதம். பஸ் முனை திரும்பி மறையும்வரை பையன் கழற்றவில்லை. நல்ல வளர்ப்பு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் மனைவி செல்விக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாம் முறை ஏழு மாதத்தைத் தொட்டபோது வீட்டில் நாங்கள் உரக்கப் பேசவே பயந்தோம். வளைகாப்புக்கு டைம்கீப்பரையும் கூப்பிட்டிருந்தேன். வந்தவர், பூ பழத் தட்டுகளுக்கு நடுவே ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் ஸ்வெட்டர். மார்பில் பொடிப் பொடியாக மூன்று சடை.

என் மாமியார் முகம் வெளுத்துவிட்டது.

“பொறக்கறதுக்கு முன்னாடியே புள்ளைக்குத் துணியா? யாருங்க உங்களைக் கொண்டாரச் சொன்னது?”

பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த மனிதருக்கும் தெரியும். ஊசி கையிலிருந்தால் அவருக்கு வேறு எதுவும் நினைவிருக்காது, அவ்வளவுதான். செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள்.

டைம்கீப்பர் தட்டருகே உட்கார்ந்தார். ஸ்வெட்டரைக் கையில் எடுத்தார், கடைசி முடிச்சை அவிழ்த்தார், நூலைப் பிடித்துச் சரசரவென்று இழுத்தார். அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று சடையும் கழுத்தும் கையும் கரைந்து மடியில் மஞ்சள் நூலாய்க் குவிந்தன.

“இப்ப இது துணி இல்லம்மா, வெறும் நூலு. நான் எதுவும் கொண்டாரலை” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவர் ஊசியைத் தொடவில்லை. விளைவு, பஸ்கள் நேரத்துக்குக் கிளம்பின. ஊரே பஸ்ஸைத் தவறவிட்டது. “என்னய்யா அநியாயம், எட்டரை வண்டி எட்டரைக்கே போயிடுச்சு!” என்று ஒரு வாத்தியார் சண்டைக்கு வந்தார். டைம்கீப்பர் கடிகாரத்தைக் காட்டிவிட்டு டிரிப் ஷீட்டில் குனிந்துகொண்டார். என்னைக் கண்டால் மட்டும் கேட்பார்: “வீட்ல நல்லா இருக்காங்களா தம்பி?” ஒன்றரை மாதம் அந்த ஒரே கேள்விதான். தன் ஸ்வெட்டரால் ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர் பயந்த பயம், தகப்பனாகப் போகும் நான் பட்ட பயத்துக்குக் குறைந்ததில்லை.

கார்த்திகை அடைமழையில், நாள் கணக்குக்கு முன்பாகவே, காரைக்கால் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். எலிக்குஞ்சு அளவு. சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் நர்ஸ். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, பழைய வேட்டிதான் என்பது மாமியாரின் கட்டளை. அந்த மழையில் ஒரு வேட்டியும் காயவில்லை. ஈரவாடையோடு சுற்றிச் சுற்றி, குழந்தையின் கால் சில்லிட்டுக் கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் டைம்கீப்பர் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். கையில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன ஸ்வெட்டர், நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தது.

“புதுசு போடக் கூடாதுங்களே” என்றார் மாமியார். இந்த முறை குரலில் காரம் இல்லை.

“பழசுதாம்மா. குன்னூர்ல இருந்தப்ப நான் போட்டுக்கிட்டிருந்த ஸ்வெட்டர். இருவது வருசத்து நூலு. அதைப் பிரிச்சுத்தான் பின்னினேன். பாப்பா பொறந்துடுச்சுன்னு கேட்டப்புறந்தான் ஊசியத் தொட்டேன், சத்தியமா.”

மாமியார் வாங்கி, கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குழந்தைக்குப் போட்டுவிட்டார். டைம்கீப்பர் வார்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

“கழுத்து இறுக்குதா தம்பி?”

“இல்லண்ணே, சரியா இருக்கு.”

“அழுவுதே?”

“பசிண்ணே.”

“பசிதானா?” என்று கேட்டவர் சுவரில் சாய்ந்துகொண்டு, குழந்தையைவிடச் சத்தமாக அழுதார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அந்தக் குறை அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் தீர்ந்துபோயிற்று.