செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த சம்மதம்

நாகூர்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் யூனுஸ் அவர்களுக்கு, பக்கீர் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் நலம். ஷார்ஜாவில் நீங்களும் தங்கச்சி ஜன்னத் பீவியும் உங்கள் மகன் ஹஸ்ஸானும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

செவ்வாய்க்கிழமை போனில் அழுதுகொண்டே, "என் மக ஃபஹ்மிதாவ ஹஸ்ஸானுக்கே தர்றேன் மச்சான்" என்று சொன்னேன் அல்லவா, அதைத் திரும்பப் பெறவே இக்கடிதம். போனிலேயே சொல்லலாம்தான், என் போனை ஃபஹ்மிதா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அவள் வீட்டிலிருந்தே ஒரு போன் கம்பெனிக்கு வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அன்று காலை நல்ல மழை. டீ கொண்டுபோனேன். பிள்ளை முகம் வெளுத்து, "மேனேஜ்மென்ட் கிளஸ்டர் செத்துப்போச்சு" என்று லேப்டாப்பில் யாரிடமோ சொன்னாள். கிளஸ்டர் என்றால் பல கம்ப்யூட்டர்கள் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்வது என்று முன்பே சொல்லியிருக்கிறாள். அது செத்தால் டெல்டா முழுக்கப் போன் செத்துவிடும் என்று நானே முடிவுகட்டி, குடைகூட எடுக்காமல் அப்சர் பரோட்டாக் கடைக்கு ஓடினேன். அப்சர் அதை வாட்ஸப் குழுவில் போட்டான். அரை மணியில், நாகூரிலிருந்து திருவாரூர் வரை அவனவன் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கடைசி சலாம் சொல்ல ஆரம்பித்துவிட்டான். நானும் உங்களுக்குக் கடைசி சலாம் சொல்லி, இனிப் பேசவே முடியாதென்று நீங்கள் வெகுநாளாகக் கேட்ட சம்மதத்தையும் கொடுத்துவிட்டேன்.

வீடு திரும்பினால் ஃபஹ்மிதா கத்துகிறாள்.

"யாரு வாப்பா இந்தப் புரளியக் கிளப்புனது?"

"நான்தாம்மா."

"பேச்சைச் சுமக்கிறது வொர்க்லோடு கிளஸ்டர், வாப்பா. அது தனியா நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. மேனேஜ்மென்ட் கிளஸ்டர் அதுக்கு மேஸ்திரி மாதிரி. மேஸ்திரி இல்லன்னாலும் வேலை நடக்கும். கூட்டம் கூடுனாத்தான் புதுசா மெஷின் இறக்க ஆளிருக்காது. இப்ப கூட்டத்த நீங்களே கூட்டிட்டீங்க!"

அந்நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஷம்சாத்துக்கு இடுப்பு வலி, நிறைமாதம். மாமியார் 108-க்கு ஏழு தடவை அடித்தும் லைன் கிடைக்கவில்லை. மழையில் ஓர் ஆட்டோ இல்லை. எல்லாம் என்னால் வந்த வினை, மச்சான். பள்ளிவாசலுக்கு ஓடி, பாங்கு சொல்லும் மோதினார் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, "நான் சொன்னது பொய்! எல்லாரும் போன வைங்க! ஒரு புள்ளத்தாச்சிக்கு லைன் வேணும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

திரும்பி வந்தபோது, முந்தின நாள் எடுத்துவைத்த நகலைக் கொண்டு ஃபஹ்மிதா வேறொரு மெஷினில் மேஸ்திரியை எழுப்பிக்கொண்டிருந்தாள். "எழுபது... எம்பது..." என்று வாய் முணுமுணுத்தது. சுவருக்கு அந்தப்பக்கம் ஷம்சாத் முனகுகிறாள். நூறு ஆனதும் புது மெஷின்கள் வரிசையாகச் சேர்ந்தன. எட்டாவது தடவை 108 எடுத்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடம் பெண் குழந்தை. ஃபஹ்மிதா மேசையில் தலை சாய்த்து அழுதாள். நானும்தான்.

ஆகவே, புத்தி தடுமாறி, பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காமல் நான் கொடுத்த சம்மதம் செல்லாது. இப்படிப்பட்ட வேலையை விட்டுவிட்டு அவள் ஷார்ஜா வரவேண்டும் என்கிறீர்கள், அது நடக்காது. கோபப்படாதீர்கள்.

அல்லாஹ் உங்கள் வீட்டுக்கு நிம்மதியைத் தருவானாக. தங்கச்சிக்கு என் சலாம்.

இப்படிக்கு,
பக்கீர் முகம்மது

பின்குறிப்பு: ஒட்டுவதற்குள் ஃபஹ்மிதா படித்துவிட்டாள். "யாரக் கேட்டுத் திரும்ப வாங்குறீங்க?" என்கிறாள். போன ரமலானிலேயே ஹஸ்ஸானுக்கு அவளே சரி சொல்லிவிட்டாளாம். அவன்தான் அங்கே வேலையை விட்டு நாகூருக்கு வருகிறானாம், டிக்கெட்டும் எடுத்தாயிற்றாம். உங்களிடம் சொல்லப் பயப்படுகிறான். ஆகவே மேலே உள்ளதை விட்டுவிட்டு இதை மட்டும் படியுங்கள், மச்சான். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.